ஒரு பெட்டியில் இரு குடித்தனம்

காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதையை நம் வீட்டுக் குழந்தைகளுக்கெல்லாம் சொல்லியிருக்கிறோம். பழம் விழுந்ததற்குக் காக்கை காரணமன்று என்று விளக்கியும் இருக்கிறோம். ஆனால் நம் வீட்டிலேயே ஒரு பழம் விழுந்தபோது, நாம் செய்த முதற்காரியம் காக்கையைக் கல்லால் அடித்ததுதான். 2025-ஆம் ஆண்டுக் கோடையில் நாகபுரியில் நம் இல்லத்தில் நிகழ்ந்ததை ஒளிக்காமல் எழுதுவது, நம்மைப் போலவே பழைய கணினி ஒன்றை வைத்துக்கொண்டு காலந்தள்ளும் சங்கத்து அன்பர்களுக்குப் பயன்படும் என்று நம்புகிறோம்.

நம்முடையது மடிக்கணினி. புதிதாக வாங்க வசதியில்லாமையால், பிறர் உபயோகித்து விற்றதை 2019-இல் வாங்கினோம். 4 ஜி.பி. ரேம், உள்ளே தட்டுச் சுழலும் பழைய வகை ஹார்ட் டிஸ்க், 500 ஜி.பி. கொள்ளளவு, விண்டோஸ் 10 இயங்குதளம். மகளின் பள்ளிப் பாடமும், ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்பின் பயிற்சித் தாள்களும், நம் இலாகாத் தேர்வுக்கான குறிப்புகளும் அதில்தான். இவற்றுக்கெல்லாம் மேலாக, காலஞ்சென்ற தகப்பனாரின் சஷ்டியப்த பூர்த்தி திருக்கடையூரில் நடந்தபோது எடுத்த படங்களும் அதில் மட்டுமே இருந்தன. வேறொரு பிரதி எடுத்து வைக்க வேண்டும் என்று ஆண்டுதோறும் நினைப்போம், நினைத்ததோடு சரி.

2024-ஆம் ஆண்டின் இறுதியில், டிப்ளமா முடித்த மைத்துனன் வேலை தேடித் திருநெல்வேலியிலிருந்து வந்து நம்முடன் தங்கினான். சும்மா இருக்கும் பிள்ளையல்லன். ஒருநாள் மாலை நம்மிடம் வந்து, "அத்தான், விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாப்ட் கொடுத்துவரும் வழக்கமான பாதுகாப்புத் திருத்தங்கள் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு நின்றுவிடும் என்று அறிவித்திருக்கிறார்கள். விண்டோஸ் 11 கேட்கும் டி.பி.எம். 2.0 என்னும் பாதுகாப்பு ஏற்பாடு நம் பெட்டியில் இல்லை. அதற்காகப் பெட்டியைத் தூக்கி எறிய வேண்டியதில்லை. லினக்ஸ் மின்ட் என்று ஓர் இயங்குதளம் இருக்கிறது. காசு கொடுக்க வேண்டாம். விண்டோஸுக்குப் பக்கத்தில் அதற்கும் ஓர் இடம் கொடுத்துவிட்டால், அக்டோபருக்குள் எல்லாரும் பழகிக்கொள்ளலாம்" என்றான்.

நாமும் இசைந்தோம். ஜனவரி மாதத்தில் ஹார்ட் டிஸ்க்கில் 100 ஜி.பி. அளவைத் தனியே பிரித்து அங்கே மின்ட்டைக் குடியேற்றினான். அதுமுதல் பொத்தானை அமுக்கியதும் கறுப்புத் திரையில் ஒரு பட்டியல் தோன்றும். மின்ட் வேண்டுமா, விண்டோஸ் வேண்டுமா என்று கேட்கும். அந்தப் பட்டியலுக்குக் 'கிரப்' என்று பெயர். மகளுக்கு அது ஒரு வேடிக்கை. நமக்கு மட்டும் உள்ளூர ஓர் அச்சம்: ஒரு சமையலறையில் இரண்டு குடித்தனம் எத்தனை நாள் ஒற்றுமையாக நடக்கும்?

அந்த அச்சத்துக்கு ஆதாரம்போல, வந்த வாரத்திலேயே கடிகாரம் கோளாறு செய்தது. மின்ட்டில் இருந்துவிட்டு விண்டோஸுக்கு மாறினால், காலை 10 மணிக்குத் திரையின் மூலையில் 4.30 என்று காட்டும். ரெயில்வே உத்தியோகத்தில் இருப்பவனுக்கு மணி தவறுவதைக் காட்டிலும் பெரிய குற்றம் உண்டோ? அப்போதே அந்தப் புதிய இயங்குதளத்தின்மேல் நமக்கு ஒரு கசப்பு விழுந்துவிட்டது.

ஏப்ரல் பிறந்தது. கணினி மந்தமாயிற்று. விண்டோஸ் எழுந்து நிற்க ஒன்பது நிமிஷம். ஒரு கோப்பைத் திறந்தால் சுட்டி அசையாமல் நிற்கும். இலாகாத் தேர்வுக்கான மாதிரி வினாத்தாளை எழுதிக்கொண்டிருக்கையில் திரை அப்படியே உறைந்துபோகும். தேர்வுக்கு இன்னும் ஆறு வாரமே இருந்தது. ஓரிரவு பொறுமையிழந்தோம்.

"தம்பி, நீ வருவதற்கு முன் இந்தப் பெட்டி ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்தது. இருந்த இடத்தில் பாதியைப் பிடுங்கி எதையோ குடிவைத்தாய். இப்போது இரண்டும் உருப்படவில்லை."

அவன் முகம் சிறுத்தது. ஆயினும் நிதானமாகவே பதில் சொன்னான். "அத்தான், இரண்டும் ஒரே சமயத்தில் ஓடுவதில்லை. ஒன்று விழித்திருக்கும்போது மற்றது தூங்குகிறது. தூங்குகிறவனுக்குப் படுக்க இடந்தான் வேண்டும், சோறு வேண்டாம். விண்டோஸ் பக்கத்தில் இன்னும் 200 ஜி.பி. காலியாகக் கிடக்கிறது. மந்தத்துக்குக் காரணம் வேறு ஏதோ இருக்கிறது. ஒருநாள் கொடுங்கள், பார்க்கிறேன்."

நாம் கொடுக்கவில்லை. "இனி அந்தப் பெட்டியில் கை வைக்காதே" என்றோம். எட்டாம் வகுப்புப் படிக்கும் நம் மகள், "அப்பா, மாமா வைத்த மின்ட்டிலும் மெதுவாகத்தான் போகிறது. அடிப்பக்கம் தொட்டால் கை சுடுகிறது" என்றாள். பெரியவர்கள் பேசும்போது குறுக்கே பேசாதே என்று அவளையும் அடக்கினோம். நோயின் முழு விவரமும் அந்த இரண்டு வாக்கியங்களில் இருந்தது என்பது பின்னரே விளங்கிற்று.

பத்து நாளில் மைத்துனன் புனேக்குப் புறப்பட்டான். அங்கே ஒரு தொழிற்கூடத்தில் வேலை கிடைத்திருப்பதாகச் சொன்னான். வேலை கிடைத்தது மெய்தான். ஆனால் சேர வேண்டிய நாளுக்கு ஒரு வாரம் முன்பே புறப்பட்டது எதனால் என்பது வீட்டில் எல்லாருக்கும் தெரியும். இல்லாள் ஒன்றும் சொல்லவில்லை. புளிச்சாதமும் தயிர்ச்சாதமும் கட்டிக் கொடுத்து, நிலையம் வரை சென்று வழியனுப்பிவிட்டு வந்தாள். வந்தபின் சில நாள் நம்முடன் தேவைக்கு மேல் ஒரு சொல்லும் பேசவில்லை.

மே மாதம் முதல் வாரத்தில் நாமே வைத்தியத்தில் இறங்கினோம். விண்டோஸில் டிஸ்க் மேனேஜ்மென்ட் என்ற பகுதியைத் திறந்து, மின்ட் குடியிருந்த 100 ஜி.பி. பகுதியை அழித்தோம். பழைய நாள் திரும்பிவிடும் என்ற நம்பிக்கையோடு உறங்கச் சென்றோம். மறுநாள் காலை பொத்தானை அமுக்கினால், கறுப்புத் திரையில் 'கிரப் ரெஸ்க்யூ' என்று ஒரே வரி. விண்டோஸும் வரவில்லை, ஒன்றும் வரவில்லை.

ரெயில்வேயில் பணிபுரிபவர்க்கு இதை எளிதில் விளக்கலாம். வண்டியை எந்தத் தடத்தில் விடுவது என்று தீர்மானிக்கும் கேபின் ஒன்று சந்திப்பில் இருக்கிறது. அதன் வாயில் பொது இடத்தில். நெம்புகோல்கள் எல்லாம் புதிய குடித்தனக்காரனின் நிலத்தில். கிரப் என்பது அந்தக் கேபின். நாம் நிலத்தை இடித்துத் தரைமட்டமாக்கினோம், நெம்புகோல்களும் போயின. விண்டோஸ் வண்டி தன் தடத்தில் பழுதின்றி நிற்கிறது. அதனிடம் செல்லும் பாதையைத் திருப்பிவிட ஆளில்லை. பழைய முறையில் தொடங்கும் கணினிகளில் முதலில் விண்டோஸின் தொடக்கப் பகுதியைச் செப்பனிட்டுவிட்டுப் பிறகே லினக்ஸை நீக்க வேண்டும் என்பது நமக்குத் தெரியாது.

திருக்கடையூர்ப் படங்கள் நினைவுக்கு வந்தபோது நமக்குக் கை நடுங்கியது. தகப்பனார் மாலையும் கழுத்துமாக நின்ற கோலம் இனிக் காணக் கிடைக்காதோ? இல்லாள் நம் முகத்தைப் பார்த்தாள். ஒரு வார்த்தை கேட்காமல் தம்பிக்குத் தொலைபேசியில் பேசினாள். சனிக்கிழமை காலையில், இரவு ரெயிலில் வந்த களைப்போடு, மைத்துனன் வாசலில் நின்றான்.

காபி அருந்தியதும் வேலையைத் தொடங்கினான். அவன் செய்ததை வரிசையாகச் சொல்லுகிறோம்; அந்த வரிசையே ஒரு பாடம்.

முதலில் மின்ட் அடங்கிய பென்டிரைவ் ஒன்றைச் செருகி, அதிலிருந்தே கணினியைத் தொடங்கினான். அவ்வாறு தொடங்கும்போது இயங்குதளம் ஹார்ட் டிஸ்க்கைத் தொடுவதேயில்லை. உடனே பரிசோதனையில் இறங்குவான் என்று எதிர்பார்த்தோம். அவன் வேறொரு டிஸ்க்கை இணைத்துப் படங்களைப் பிரதியெடுக்கத் தொடங்கினான். "டிஸ்க்கின்மேல் சந்தேகம் இருந்தால் முதலில் பிரதி, பிறகுதான் பரிசோதனை, அத்தான். நோயாளியை ஓடவிட்டுப் பார்த்து இருதயத்தைச் சோதிக்கக் கூடாது" என்றான். பிரதியெடுப்பது அன்று மாலை வரை நீண்டது. ஒன்பது படங்கள் வரவேயில்லை. கோயில் வாசலில் தாயும் தந்தையும் சேர்ந்து நின்ற படம் அவற்றுள் ஒன்று.

அதன்பின் டிஸ்க்கின் உடல்நிலைக் குறிப்பைத் திறந்தான். ஒவ்வொரு ஹார்ட் டிஸ்க்கும் தன் பழுதுகளைத் தானே பதிவு செய்துகொள்ளும்; அதற்கு 'ஸ்மார்ட்' என்று பெயர். படிக்க முடியாமல் நிலுவையில் நிற்கும் கட்டங்கள் என்ற வரியில் பூஜ்யம் இருக்க வேண்டும். நம்முடையதில் 88 இருந்தது. கிழிந்த ரிஜிஸ்டரில் ஒரு பெயரைத் தேடும் குமாஸ்தாவை நினைத்துக்கொள்ளுங்கள். பக்கம் தெளிவாயில்லை என்று விட்டுவிடாமல் திரும்பத் திரும்ப அதே இடத்தைப் பார்த்துக்கொண்டிருப்பான். வரிசையில் நிற்பவர்கள் காத்திருப்பார்கள். டிஸ்க்கும் பழுதான கட்டத்தைப் பல முறை படிக்க முயலும். அந்த விநாடிகளில்தான் திரை உறைந்து நின்றது.

பென்டிரைவிலிருந்து ஓடிய மின்ட் முதற் கால்மணி நேரம் சுறுசுறுப்பாக இருந்தது. பிறகு அதுவும் தளர்ந்தது. டிஸ்க் சம்பந்தப்படாமலே தளர்ச்சி வந்ததால், இரண்டாவது காரணம் ஒன்று உண்டு என்று தெரிந்தது. வெப்பமானியைக் காட்டினான்: 96 டிகிரி. மடிக்கணினியின் ப்ராசசர் 100 டிகிரியை நெருங்கும்போது, தன்னைக் காத்துக்கொள்ளத் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். நம் தடங்களில் பழுதுள்ள இடத்தில் வண்டிக்குக் காஷன் ஆர்டர் கொடுப்பதில்லையா, அதுபோல. அடிமூடியைக் கழற்றினால், விசிறிக்கும் வெப்பம் வெளியேறும் தகடுகளுக்கும் இடையே ஆறாண்டுத் தூசி கம்பளித் துண்டுபோல் படிந்திருந்தது. ப்ராசசர்மேல் தடவியிருந்த வெப்பப் பசையும் உலர்ந்து பொரிந்துவிட்டது. வெளியே 45 டிகிரி கொளுத்தும் நாகபுரி வெயில். உள்ளே மூச்சுவிட வழியில்லை. பெட்டி என்ன செய்யும்?

மூன்றாவது, ரேம் போதாமை. கண்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் என்ற மூன்று விசைகளையும் சேர்த்து அமுக்கினால் விண்டோஸில் டாஸ்க் மேனேஜர் வரும். ப்ராசசர், ரேம், டிஸ்க் மூன்றும் எவ்வளவு உழைக்கின்றன என்பதை அது நூற்றுவீதத்தில் காட்டும். இன்டர்நெட்டில் நான்கைந்து பக்கங்களைத் திறந்தாலே 4 ஜி.பி. ரேம் நிரம்பிவிடும், மிச்சத்தை விண்டோஸ் ஹார்ட் டிஸ்க்கில் இறக்கி ஏற்றும். அந்த டிஸ்க்கோ நோயாளி.

படங்கள் பத்திரமான பிறகு அவன் செய்த ஒரு காரியத்தை நாம் மறப்பதற்கில்லை. விண்டோஸின் தொடக்கப் பகுதியைச் செப்பனிட்டு, பழைய டிஸ்க்கிலேயே அதை ஒருமுறை தொடங்கிக் காட்டினான். மின்ட் இல்லை, அதன் சுவடும் இல்லை. விண்டோஸ் எழுந்து நிற்க அதே ஒன்பது நிமிஷம் ஆயிற்று. அவன் நம்மைத் திரும்பிப் பார்க்கவில்லை, திரையையே பார்த்துக்கொண்டிருந்தான். அது நமக்கு அவன் செய்த மரியாதை. "மாமா பேரில் தப்பில்லை" என்று மகள்தான் வாய்விட்டுச் சொன்னாள்.

ஞாயிற்றுக்கிழமை கடைத்தெருவுக்குப் போய், 256 ஜி.பி. எஸ்.எஸ்.டி. ஒன்றும் இன்னொரு 4 ஜி.பி. ரேமும் வாங்கினோம். இரண்டும் சேர்ந்து 3,400 ரூபாய். எஸ்.எஸ்.டி.யில் சுழலும் தட்டோ நகரும் ஊசியோ கிடையாது. ஆதலால் அங்குமிங்கும் சிதறிக் கிடக்கும் தகவலை எடுக்கத் தாமதமில்லை. தூசியை நீக்கிப் புதிய பசை தடவி, விண்டோஸைப் புதிதாக நிறுவினான். பிறகு, "மின்ட் வேண்டுமா, அத்தான்?" என்று கேட்டான். "அது இல்லாமல் எப்படி?" என்றோம். இரண்டும் இப்போது அரை நிமிஷத்துக்குள் எழுந்து நிற்கின்றன.

இரண்டு இயங்குதளமும் ஒரே பெட்டியில் இருப்பதால் மெய்யாகவே வரும் பிணக்குகள் சில உண்டு; அவற்றையும் மறைக்கலாகாது. கடிகாரம் ஒன்று. பெட்டிக்குள் இருக்கும் கடிகாரம் உள்ளூர் மணியைக் காட்டுகிறது என்று விண்டோஸ் கொள்ளும். உலகப் பொது நேரத்தைக் காட்டுகிறது என்று லினக்ஸ் கொள்ளும். இரண்டுக்கும் வேறுபாடு நம் நாட்டில் ஐந்தரை மணி. இந்த வழக்கு நமக்குப் புதிதன்று. சென்னை நேரத்தை வைத்துக்கொண்டே நம் ரெயில்கள் பல ஆண்டு ஓடின; 1906-இல் நாட்டுக்கெல்லாம் ஒரே நேரம் ஏற்பட்ட பின்னும் பம்பாய் நகரம் 1955 வரை தன் நேரத்தை விடவில்லை. பெட்டிக்குள் நடக்கும் இந்த வழக்கு, உள்ளூர் நேரத்தையே கொள்ளும்படி லினக்ஸுக்கு ஒரு வரிக் கட்டளை கொடுத்தால் தீர்ந்துவிடும்.

மற்றொன்று, விண்டோஸின் 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்'. இது இயக்கத்தில் இருந்தால், நாம் மூடினாலும் விண்டோஸ் முழுதும் உறங்குவதில்லை. பாதி நினைவை டிஸ்க்கில் எழுதி வைத்துவிட்டுக் கண்ணை மட்டும் மூடிக்கொள்கிறது. அந்நிலையில் அதன் பகுதியில் எழுதுவதற்கு லினக்ஸுக்கு இடங்கொடுக்கப்படுவதில்லை. வற்புறுத்தி எழுதினால் கோப்புகள் கெடவும் கூடும். இரு குடித்தனம் உள்ள பெட்டியில் கண்ட்ரோல் பேனலின் பவர் பகுதிக்குச் சென்று இந்த வசதியை நிறுத்திவிடுவதே நல்லது.

ஆகவே அன்பர்களே, கணினி மந்தமானால் முதலில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே. இரண்டு இயங்குதளத்திலும் மந்தமா, ஒன்றில் மட்டுமா? ஒன்றில் மட்டும் என்றால், அந்த இயங்குதளத்திலோ அது இருக்கும் பகுதியிலோ குற்றம் தேடலாம். இரண்டிலும் என்றால் டிஸ்க், வெப்பம், ரேம் இம்மூன்றையும் பார்க்க வேண்டும். ஐயம் இருந்தால் பென்டிரைவிலிருந்து தொடங்கிப் பார்க்கலாம். எதைச் செய்யுமுன்னும் பிரதி எடுத்துவிட வேண்டும். இரண்டு இயங்குதளம் வைத்திருப்பவனுக்கு, ஒன்றைக்கொண்டு மற்றொன்றைச் சோதிக்கும் வசதி கையிலேயே இருக்கிறது. எந்த இயங்குதளம் நமக்குச் சாட்சி சொல்லியிருக்குமோ அதையே நாம் அழித்தோம்.

இதில் நம்மை மிகவும் உறுத்தியது வேறு. இந்த ஊருக்கு நாம் வந்து பன்னிரண்டு ஆண்டுகள் ஆகின்றன. குழாயில் தண்ணீர் குறைந்தால், வாடகை ஏறினால், வெளியூர்க்காரர்கள் வந்து குவிந்ததுதான் காரணம் என்று யாரேனும் ஒருவர் சொல்லக் கேட்கிறோம். குழாய் எங்கே உடைந்தது என்று ஒருவரும் பார்ப்பதில்லையே என்று மனம் வெதும்புகிறோம். அதே நாம், நம் வீட்டுக்குள் புதிதாக வந்த ஒன்றின்மேலும் அதைக் கொண்டுவந்த பிள்ளையின்மேலும், அடிமூடியைக் கழற்றிப் பார்க்காமலே பழி சுமத்தினோம்.

ஞாயிற்றுக்கிழமை இரவு அவன் புனேக்குத் திரும்பும்போது, இம்முறை நாமும் நிலையத்துக்குச் சென்றோம். வண்டி நகருமுன், "தம்பி, அன்று பேசியது தவறு. மனத்தில் வைத்துக்கொள்ளாதே" என்றோம். அவன் சிரித்தான். "வருஷத்துக்கு ஒருமுறை தூசி தட்டுங்கள், அத்தான்" என்றான். கணினியைத்தான் சொன்னானா என்று இல்லாளைக் கேட்டோம். அவளும் சிரித்தாள், பல வாரங்களுக்குப் பிறகு.

அக்டோபர் 14 வந்து போயிற்று. இப்போது நம் வீட்டில் பெரும்பாலும் மின்ட்டில்தான் வேலை நடக்கிறது. தகப்பனார் படங்கள் மூன்று இடங்களில் பிரதியாக இருக்கின்றன. ஒரு பிரதி புனேயில் மைத்துனனிடம் இருக்கிறது. வராமற்போன அந்த ஒன்பது படங்கள் போனவைதாம். இதைப் படிக்கும் அன்பர்கள் இன்றிரவே தங்கள் படங்களுக்கு ஒரு பிரதி எடுத்துவிட்டால், அவை போனதும் முழு நஷ்டமாகாது என்று எண்ணிக்கொள்வோம்.